பாம்பன் நீரோட்டத்தை யாராவது அளந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், கடலிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் நடுவில் ஒரு கருத்து இருந்தது. தமிழகக் கரையில் அலை ஒரு மீட்டர்கூட எழுவதில்லை, அதனால் இங்கே அலை மின்சாரத்துக்கு வாய்ப்பே இல்லை என்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். வணிகக் கப்பல்களில் 31 வருஷம் இன்ஜின் ரூமில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். அப்பா பாய் கட்டிய வள்ளத்தில் தொழில் செய்தவர். கடல் எங்கள் வீட்டு வாசலில் இருந்தது, பிறகு என் சம்பளமும் அதிலிருந்தே வந்தது. அதனால் கடலைப் பற்றி ஒரு தப்பான வரி அச்சில் வந்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

முதலில் சொல்லைச் சரி செய்துவிடலாம். அலை என்பது காற்று எழுப்புவது. கட்டுரையில் சொல்ல வந்தது அலையை இல்லை, ஓதத்தை. நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறி இறங்குகிறதே, அது. எங்கள் ஊரில் 'வெள்ளம் ஏறுது, வத்துது' என்போம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று இருக்கும். அலையிலிருந்து மின்சாரம் எடுப்பது தனி வேலை. விழிஞ்ஞத்தில் 1991-ல் சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் 150 கிலோவாட் நிலையம் ஒன்றை வைத்துப் பார்த்தார்களே, அது அலைக்கானது. ஓதத்திலிருந்து எடுப்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முகத்துவாரத்தில் அணை கட்டி, ஏறிய தண்ணீரைத் தேக்கி, பிறகு இறக்கிவிட்டு எடுப்பது. பிரான்சில் லா ரான்ஸ் என்ற இடத்தில் 1966-லிருந்து ஓடுகிற 240 மெகாவாட் நிலையம் அப்படிப்பட்டது. அதற்கு ஓதம் பல மீட்டர் ஏற வேண்டும். நம் கரையில் அது நடக்காது, அந்த மட்டும் உங்கள் கட்டுரை சொன்னது சரி.

இன்னொரு வழிக்கு அணையே வேண்டாம். இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கும் குறுகலான வாயில் தண்ணீர் ஓடும்போது, அந்த ஓட்டத்துக்குள் டர்பைனை, அதாவது ஓட்டம் சுற்றிவிட மின்சாரம் தரும் சக்கரத்தை, இறக்கிவிடுவது. அங்கே பார்க்க வேண்டியது தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை இல்லை, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் கட்டுரையில் நேர்ந்த பிழை. இது புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்வதில்லை, கண்ணால் பார்த்தது.

2007 ஜூன் மாதம். எங்கள் கப்பல் இத்தாலியில், சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் தளத்தில், ஏறியிருந்தது. அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசு, ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்கிற ஓடுள்ள சின்ன உயிரி, அப்பிக்கிடந்தது. சுரண்டி, பெயின்ட் அடித்து, துத்தநாகக் கட்டிகளை மாற்றி இறக்க மூன்று வாரம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்கில் எங்களோடு வேலை பார்த்த ஃபோர்மேன் ஒருவர், "உங்கள் ஊரிலும் நீரிணை இருக்கிறது என்றீர்களே, வாருங்கள், ஒன்று காட்டுகிறேன்" என்று கான்சிரி என்ற மீனவர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையை ஒட்டி ஒரு கடல்கழி, அதில் சிப்பி வளர்க்கிறார்கள். அதைத் தாண்டினால் நீரிணை. எதிரே இத்தாலியின் பெருநிலம் கூப்பிடு தூரத்தில் தெரிகிறது, நடுவில் மூன்று கிலோமீட்டர்தான்.

அங்கே மீன்பிடிப் படகுகளைப் பார்த்து நான் வாய் பிளந்து நின்றேன். வாள்மூக்கு மீன் பிடிக்கிற படகுகள் அவை, நம் மயில்மீனுக்கு உறவான மீன். படகு நடுவே இரும்புக் கோபுரம் மாதிரி வானத்தைத் தொடும் பாய்மரம், அதன் உச்சியில் மீன் பார்க்க ஓர் ஆள். முன்பக்கம் அதே அளவுக்கு நீண்ட ஒரு நடைபாலம், அதன் நுனியில் ஈட்டியோடு இன்னோர் ஆள். அந்தப் படகுகள் போய்வரும் தண்ணீரில், கரையிலிருந்து ஒரு நூற்றைம்பது மீட்டர் தள்ளி, வட்டமாக ஒரு மிதவை நின்றது. நான்கு பக்கமும் நங்கூரச் சங்கிலி. ஃபோர்மேன் அதைக் காட்டி, "கோபோல்ட்" என்றார். ஜெர்மானியக் கதைகளில் வரும் குட்டிப் பூதத்தின் பெயராம்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றாலை மாதிரி இறக்கை எதுவும் வெளியே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் சிறு படகில் பக்கத்தில் போனோம். தண்ணீர் தெளிவாக இருந்ததால் கீழே தெரிந்தது. மிதவையின் நடுவிலிருந்து ஒரு தண்டு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதிலிருந்து மூன்று திசையில் கைகள். கைகளின் நுனியில், ஐந்து மீட்டர் உயரமுள்ள மூன்று இறக்கைகள், செங்குத்தாக நின்றபடி. நம் திருவிழாக் குடை ராட்டினத்தில் குதிரைக்குப் பதிலாக நீளமான பலகைகளைத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. வீட்டு மின்விசிறியைவிட எத்தனையோ மடங்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. எங்கள் படகை மட்டும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது, அவர் இன்ஜினை நிறுத்தவே இல்லை.

இதற்குத்தான் செங்குத்து அச்சு டர்பைன் என்று பெயர். ஜார்ஜ் டாரியூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1920-களில் காற்றுக்காக யோசித்த வடிவம், 1931-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். தண்ணீருக்கு அது பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஓத நீரோட்டம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் திசை மாறும். விசிறி மாதிரி டர்பைன் என்றால் முகத்தைத் திருப்ப வேண்டும், இல்லை இறக்கையைப் புரட்ட வேண்டும். குடை ராட்டினத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. தண்ணீர் தெற்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். அப்புறம், ஜெனரேட்டரும் கியர் பெட்டியும் மேலே மிதவைக்குள் உலர்ந்த இடத்தில் இருக்கும். இன்ஜின் ரூமில் காலம் கழித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. சீல் போய் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறினால் என்ன ஆகும் என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தவன் நான்.

தண்ணீர் தள்ளுவதால் சுற்றுகிறது என்று பலர் நினைப்பார்கள். அப்படியானால் திரும்பி வரும் இறக்கையையும் தண்ணீர் தள்ளும், ராட்டினம் நின்றுவிடும். நடப்பது வேறு. அந்தக் காலத்தில் பாய் வள்ளம் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது போவதைவிட, குறுக்கே வரும்போது பாயைச் சரியாகப் பிடித்தால் வள்ளம் பறக்கும். பாயின் வளைவு காற்றை வெட்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. இந்த இறக்கையும் தண்ணீருக்குள் நிற்கும் பாய்தான். நீரோட்டத்தின் குறுக்கே போகும் இடங்களில் தன் வடிவத்தால் முன்னோக்கி இழுபடுகிறது, நீரோட்டத்தைவிட வேகமாகவே போகிறது. டாரியூவின் வடிவத்தில் ஒரு குறை, நின்றுவிட்டால் தானாகக் கிளம்பத் திணறும். கோபோல்டைச் செய்தவர்கள் இறக்கையை இறுகப் பிணைக்காமல், ஓர் அளவுக்குள் தானே அசைந்து கோணம் மாற்றிக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். அதனால் தண்ணீர் மாறி ஓடத் தொடங்கியதும் யாரும் தொடாமலே சுற்ற ஆரம்பித்துவிடும். நாங்கள் பார்க்கப் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் கரையின் மின்கம்பியோடு அதை இணைத்திருந்தார்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெசினாவில் ஓதம் எவ்வளவு ஏறுகிறது என்று அந்த ஃபோர்மேனிடம் கேட்டேன். அவர் விரலை விரித்து ஒரு சாண் காட்டினார். மத்தியதரைக் கடலில் பெரும்பாலான இடங்களில் ஓதம் அவ்வளவுதான், ஒரு முழம்கூட வராது. நம் கரையைவிடக் குறைவு! ஆனாலும் அந்த வாயில் தண்ணீர் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதற்கு மேலும் போகும். காரணம் இதுதான். வடக்கே உள்ள டிரேனியக் கடலில் வெள்ளம் ஏறி நிற்கும் நேரத்தில், தெற்கே அயோனியக் கடலில் வற்றி நிற்கிறது. இரண்டு பாத்திரத்துக்கு நடுவே ஒரு சிறிய துளை. இந்தப் பக்கம் ஒரு சாண் மேடு, அந்தப் பக்கம் ஒரு சாண் பள்ளம், நடுவில் மூன்று கிலோமீட்டர் வாய். தண்ணீர் பாயாமல் என்ன செய்யும்? உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் கோபோல்டை அங்கே இறக்கியிருக்கவே மாட்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குப் பாம்பன் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். இரண்டுக்கும் குணம் வேறு. ஒன்று குளம் மாதிரி கிடக்கும் நாளில் மற்றது பாறையில் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் வாய்தான் பாம்பன். சோழகக் காற்றுக் காலத்தில் (தென்மேற்குப் பருவம்) ஆண்கடல் தண்ணீர் பெண்கடலுக்குள் பாயும், வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவம்) திரும்பி ஓடும். அதற்கு மேல் தினசரி ஓதம் வேறு. சின்ன வயதில் அப்பாவோடு பாலத்துக்குக் கீழே கடக்கப் போய் மணிக்கணக்காகக் காத்திருந்திருக்கிறேன். பசி, வெயில். "எப்பய்யா போவோம்?" என்று நச்சரிப்பேன். "பொறுடா, நீவாடு திரும்பட்டும். இப்பப் போனா தூணுல கொண்டுபோய் அடிக்கும்" என்பார். நீவாடு என்றால் நீரோட்டம். தூணைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு தண்ணீர் போகும்போது ஒரு சத்தம் வரும், சோறு கொதிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் அடங்கினால்தான் துடுப்பை எடுப்பார்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யும் கிரிசில் என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2014-ல் தந்த ஓர் அறிக்கையில், ஓத ஆற்றலுக்குப் பார்க்க வேண்டிய இடங்களாகக் காம்பட், கட்ச் வளைகுடாக்களோடும் சுந்தரவனத்தோடும் சேர்த்து, பாக் நீரிணை – மன்னார் பகுதியின் பெயரும் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. உடனே பாம்பனில் மின்நிலையம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் நானும் தப்பான நம்பிக்கை விதைத்தவன் ஆவேன்.

நீரோட்டத்தில் உள்ள சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு, பாதியானால் எட்டில் ஒரு பங்கு. கடலுக்குள் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தண்ணீர் போனால் அந்த ஜன்னல் வழியே போகிற சக்தி 500 வாட்டுக்குச் சற்று மேல். இரண்டு மீட்டர் வேகமென்றால் 4,100 வாட். மூன்று மீட்டரென்றால் 13,800 வாட். கோபோல்டின் அளவு 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், ஆக 30 சதுர மீட்டர். விநாடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் அதன் வழியே ஏறக்குறைய 90 கிலோவாட் போகிறது. அதில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவாக, 20 கிலோவாட் அளவு மின்சாரமாகக் கைக்கு வந்தது. அதே இயந்திரத்தை விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டத்தில் வைத்தால் எவ்வளவு வரும்? மூன்றரை கிலோவாட். அதுவும் தண்ணீர் திரும்பும் நேரத்தில் ஒன்றுமில்லை. இரண்டு வீட்டு ஏ.சி. ஓடும். ஒரு ஐஸ் பிளாண்டுக்குக் காணாது.

நம் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்றரை கிலோவாட் எங்கே? இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் எல்லாமே அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது என்கிறேன். பாம்பன் வாயில், நடு நீரில், வருஷம் முழுக்க, விநாடிக்கு எத்தனை மீட்டர்? 1 என்றால் பேச்சை இதோடு விட்டுவிடலாம். 1.8 என்றால் கோபோல்ட். 2-க்கு மேல் பல மணி நேரம் ஓடுகிறது என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது.

பேசும் நிலை வந்தால், நம் வாய்க்குச் செங்குத்து அச்சுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாம்பன் வாய்க்கால் ஆழம் குறைந்தது, பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. தண்ணீர் நான்கு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விசிறி டர்பைனுக்கு மூன்று மீட்டர் விட்டத்துக்கு மேல் போக முடியாது, அந்த வட்டம் 7 சதுர மீட்டர்தான். அதே மூன்று மீட்டர் உயர இறக்கையை 6 மீட்டர் அகல ராட்டினத்தில் மாட்டினால் 18 சதுர மீட்டர் கிடைக்கும். ஆழமில்லாத இடத்தில் அகலத்தை எடுத்துக்கொள்ளலாம், விசிறிக்கு அந்த வசதி இல்லை. ஆழமும் வேகமும் இருக்கும் இடத்தில் விசிறிதான் ஜெயிக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லாண்ட் நீரிணையில் ஓடும் மேஜென் நிலையத்தில் இருப்பது விசிறி வகை, ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட்டாக நான்கு.

செங்குத்து அச்சின் குறைகளும் சின்னதில்லை. ஒரு சுற்றுக்குள் ஒவ்வோர் இறக்கையும் இழுக்கும் இடமும் உண்டு, சும்மா வரும் இடமும் உண்டு. அதனால் தண்டு அதிர்ந்துகொண்டே இருக்கும். பேரிங்குக்கும் இறக்கைக் கைக்கும் அது எமன். இதற்கு ஒரு நல்ல விடை கண்டவர், சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்கா போய் பாஸ்டனில் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் கோர்லோவ். 1990-களில் அவர் இறக்கையை நேராக வைக்காமல் முறுக்கிவிட்டார், முறுக்குக் கம்பி மாதிரி. அப்போது எந்த நேரமும் இறக்கையின் ஏதோ ஒரு பாகம் இழுக்கும் இடத்தில் இருக்கும், அதிர்வு அடங்கும். அந்த வடிவத்தைத்தான் கொரியாக்காரர்கள் உல்டோல்மோக் என்ற கணவாயில் 2009-ல் 1 மெகாவாட் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1597-ல் அவர்களுடைய தளபதி யி சுன் சின் பதின்மூன்று கப்பலை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களை முறியடித்த அதே கணவாய். நீரோட்டம் எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவும் தூணுக்கு முன்னால் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரான்சில் 2019-ல் பிரெஹா தீவுப் பக்கம் 1 மெகாவாட் செங்குத்து அச்சு டர்பைன் ஒன்றை இறக்கி, இரண்டு வருஷத்துக்கும் மேல் கடலுக்குள் வைத்துச் சோதித்தார்கள். இவ்வளவுக்கும் பிறகும் இது உலகம் முழுக்கப் பரவிவிட்ட தொழில்நுட்பம் இல்லை. கோபோல்டும் மெசினா நீரிணை முழுக்கப் பெருகிவிடவில்லை. நம் நாட்டில் ஓத மின்சாரம் என்று தொடங்கிய இரண்டு பெரிய திட்டங்களும் விலையில் விழுந்தன. சுந்தரவனத்தில் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட்டுக்கு 238 கோடி என்று கணக்கு வந்தது, கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட்டுக்கு 750 கோடி. இரண்டும் கைவிடப்பட்டன.

நம் வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னொரு பகை உண்டு. கொட்டலசு. குளிர்ந்த கடலில் போய்வரும் கப்பலைவிட நம் பக்கம் நிற்கும் கப்பலில் அது வேகமாகப் படியும். மெசினா டாக்கில் அன்று எங்கள் புரொப்பல்லரைச் சுத்தம் செய்தபோது ஒரு கொட்டலசைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு, அடியில் சிமென்ட் ஊற்றியதுபோல ஒட்டு, விளிம்பு பிளேடு மாதிரி. விரலைக் கிழித்துவிட்டது. இறக்கை பாயாக வேலை செய்வது அதன் வழவழப்பால்தான். அதில் இது ஆயிரக்கணக்கில் படிந்தால் இறக்கை வெறும் பலகை ஆகிவிடும். பாம்பனில் வைத்தால் சில வாரத்துக்கு ஒரு தரம் தூக்கிச் சுரண்ட ஆள் வேண்டும், அந்தக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே மிதவை இருப்பதால் தூக்குவது சுலபம் என்பது மட்டும் ஆறுதல்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த வாய் எங்கள் வழி. நாட்டுப்படகும் விசைப்படகும் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போக வேறு பாதை அருகில் கிடையாது. பாலத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் எதையும் வைக்க ரயில்வே விடாது, விடவும் கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் ரயிலும் பாலமும் என்ன ஆயின என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடல்பசு மேயும் கடல் இது. மீனவர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு மிதவையைக்கூட அங்கே கட்டக் கூடாது. மெசினாவில் அந்த ஈட்டிக்காரப் படகுகளும் கோபோல்டும் ஒரே தண்ணீரில் இருந்ததைப் பார்த்தேன் என்பதால், முடியாது என்றும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறாய் என்று கேட்கலாம். ஓதத்துக்கு ஒரு குணம் இருக்கிறது, காற்றுக்கும் வெயிலுக்கும் அது இல்லை. அடுத்த வருஷம் தை அமாவாசையன்று காலை எத்தனை மணிக்கு வெள்ளம் ஏறும் என்று இன்றைக்கே அட்டவணை போட்டுவிடலாம். ராத்திரியிலும் வரும், மேகம் மூடினாலும் வரும். டீசல் ஏற்றிப்போய் மின்சாரம் எடுக்கும் அந்தமான் போன்ற தீவுகளுக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். அங்கே ஓதமும் நம் கரையைவிட அதிகம். நம் பிள்ளைகள் பாம்பனில் ஒரு சின்ன டர்பைனை வைத்துப் பழகினால், நாளைக்கு அந்தத் தீவுகளில் போய் வேலை செய்யத் தெரியும். மூன்றரை கிலோவாட் மின்சாரமாக எனக்கு அற்பம்தான். ஒரு பாலிடெக்னிக் பையன் தன் கையால் செய்து, கடலில் இறக்கி, கொட்டலசு படிந்து, உடைந்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டது என்றால் அது எனக்கு அற்பமில்லை.

நான் கேட்பது பணமோ திட்டமோ இல்லை. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கடலடியில் வைத்து, ஒலியை மேல்நோக்கி அனுப்பி, ஒவ்வோர் ஆழத்திலும் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பதிவு செய்யும் கருவி இந்தத் துறையில் சாதாரணம். அதைப் பாம்பன் வாயில் ஒரு வருஷம் வைக்கட்டும். சோழகமும் வாடையும் இரண்டும் வர வேண்டும், ஒரு மாத அளவு போதாது. வந்த எண்களைத் தமிழில், எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். உங்கள் நாளிதழ் அதைக் கேட்டு எழுதினால் காரியம் நடக்கும் என்று நம்புகிறேன்.

நானே ஒரு வகையில் அளந்து பார்த்தேன். சித்தப்பா மகனின் ஃபைபர் படகில் போய், வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு, மட்டை உரிக்காத தேங்காயில் 20 மீட்டர் கயிறு கட்டி விட்டேன். கயிறு முழுக்க விறைத்து நிற்க எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். இருபது விநாடி என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர், பத்து என்றால் இரண்டு. இப்படிப் பல நாள், பல நேரம். நோட்டில் இருக்கும் எண்களை இங்கே எழுதப் போவதில்லை. தேங்காய் மேலே மிதப்பது, காற்றும் அதைத் தள்ளும். நடு நீரில் வேகம் வேறாக இருக்கும். அப்படி ஓர் எண்ணை உங்கள் பக்கத்தில் அச்சேற்றிவிட்டால் நாளைக்கு நாலு பேர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். கட்டுரையில் வந்த அந்த வரிக்கும் என் எண்ணுக்கும் அப்போது வித்தியாசம் இருக்காது.

வாடைக் காற்று தொடங்கியதும் கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறோம். இந்த முறை தேங்காய்க்குக் கீழே இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு சாக்குத் துணியை விரித்துத் தொங்கவிடலாம் என்றிருக்கிறேன், காற்றின் தள்ளல் குறையும். பொறியியலோ கடலியலோ படிக்கிற பிள்ளைகள் யாராவது வர விரும்பினால், உங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரியப்படுத்துங்கள். படகில் மூன்று பேருக்கு இடமிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்